கொப்பியின் கடைசிப் பக்கம்

கிரெய்கிபர்ன், மெல்பேர்ன்
8 ஏப்ரல், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சித்திக்கு,

ராகவி எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். அம்மாவின் சுகத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீங்கள் சிட்னிக் குளிரில் கம்பளிச் சட்டை போட்டுத் திரிகிறீர்களா, இல்லை வழமை போலப் பிடிவாதமா?

போன மாதக் கடிதத்தைத் திருத்தி அனுப்பியதற்கு நன்றி. பதினொரு சிவப்பு வட்டங்கள். அதற்கு முந்திய மாதம் பதினேழு. ஸ்ட்ராத்ஃபீல்டில் உங்கள் சனிக்கிழமைப் பள்ளிப் பிள்ளைகள் என்னைவிட நன்றாக எழுதுகிறார்களா என்று ஒரு தடவையாவது சொல்லுங்கள். பொறாமைப்பட மாட்டேன் என்று உறுதி தர முடியாது. பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. நூலகத்திலிருந்து எட்டுப் புத்தகம் எடுத்து வந்தேன், மூன்று முடிந்தது. அப்பாவுக்கு வெயார்ஹவுசில் இன்னும் மாலை வேலைதான்.

இனி அம்மா. இது எம்.எஸ். என்ற நரம்பு வருத்தம் என்று சொல்லி இரண்டு வருடமாகிவிட்டது. இப்போது கிளினிக்கில் அவரைப் பார்ப்பது ஒரு ஆள் இல்லை, ஒரு அணியே இருக்கிறது: நரம்பு டொக்டர், நர்ஸ், நடைக்குப் பயிற்சி தரும் பிசியோ, சாப்பாட்டைப் பார்க்கும் டயட்டீஷியன். டயட்டீஷியனின் பெயர் யாமினி. சொந்த ஊர் மதுரையாம், இங்கே பொயிண்ட் குக்கிலிருந்து வருகிறார். நான் அவரை அன்ரி என்று கூப்பிட்டபோது, "ஐயோ, எனக்கு என்ன வயசுன்னு நினைச்ச? யாமினின்னே கூப்பிடு" என்று சிரித்தார். அவருடைய மேசையில் பிளாஸ்ரிக்கில் செய்த இட்லி, சப்பாத்தி, அரைக் கோப்பைச் சோறு எல்லாம் இருக்கின்றன. இடியப்பம் இல்லை என்று நான் முறைப்பாடு செய்தேன். எழுதி வைத்துக்கொண்டார்.

அம்மாவின் நிறை டிசம்பரில் ஐம்பத்தாறு கிலோ இருந்தது. இப்போது ஐம்பது. படியில் பாதி ஏறியதும் அதிலேயே குந்தி இருந்துவிடுகிறார். காலையில் கப்ஸ்யூல் போட்டால் முகம் சிவந்து வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். நோய் கூடியிருக்கலாம், இந்த மருந்து சரிவரவில்லை போல, ஊசி வழியே உடம்பில் ஏற்றுகிற மருந்துக்கு மாற்ற யோசிக்கிறோம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். மே மாதக் கடைசியில் முடிவு. அந்த மருந்தின் பக்கவிளைவுகளை நான் தேடி வாசித்தேன். வாசித்திருக்கக் கூடாது.

யாமினிக்குத்தான் ஒன்று புரியவில்லை. நீங்கள் எனக்குத் தபாலில் அனுப்பினீர்களே, நீல அட்டைக் கொப்பி, "அம்மா சாப்பிடுவதை ஒன்றும் விடாமல் இதில் எழுது, நீதான் அம்மாவின் செயலாளர்" என்று முதல் பக்கத்தில் எழுதி? அதை நான் ஒரு நாளும் தவறவிடவில்லை. பள்ளியால் வந்ததும் அம்மா சொல்லச் சொல்ல எழுதுவேன். "காலமை ரெண்டு துண்டு பாண், முட்டை. மத்தியானம் ஒண்டரைக் கோப்பை சோறு, பருப்பு, மீன்குழம்பு, கீரை. எழுதிட்டியே பிள்ளை?" யாமினி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உன் நோட்டு மாதிரி யாரும் எழுதுறதில்ல. ஆனா இவ்வளவு சாப்பிட்டா எடை ஏன் குறையுது?" என்று கேட்டார். எனக்குப் பெருமையாகவும் பயமாகவும் இருந்தது.

சித்தி, நேற்று எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

அம்மா மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். நான் கராஜில் இருக்கும் பெரிய பிறீசரைத் திறந்தேன். எங்கள் வீட்டு ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஐஸ்கிறீம் இருக்காது என்று ஐந்து வயதிலேயே எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நம்பிக்கை. முதல் பெட்டியில் சோறு, பருப்பு, மீன்குழம்பு. இரண்டாவதில் சோறு, கோழிக்கறி. பட்டாணிப் பக்கெற்றுகளுக்குக் கீழே வரிசையாக இருபத்தேழு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆளின் மத்தியானச் சாப்பாடு. அம்மா எதைப் பிறீசரில் வைத்தாலும் மூடியில் ரேப் ஒட்டித் திகதி எழுதுவாரே, அதேபோல எழுதியிருந்தது. மார்ச் 3. மார்ச் 4. மார்ச் 6.

நான் கொப்பியைக் கொண்டு வந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அம்மா சாப்பிட்டதாக நான் எழுதியதெல்லாம் பெட்டிக்குள் இருந்தது. சமைத்திருக்கிறார், தனக்கென்று போட்டிருக்கிறார், சாப்பிடவில்லை. கொட்டவும் மனமில்லை. இருபத்தேழு திகதிகளையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்தேன். காலைச் சாப்பாடும் பொய்யாக இருக்குமோ என்று நினைத்தேன். அதற்குப் பெட்டி இல்லை.

அம்மா ஏன் இப்படிச் செய்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் அழுவாரோ என்று பயமாக இருக்கிறது. அப்பாவிடம் சொன்னால் சத்தம் போடுவார். யாமினியிடம் சொல்வதா? நீங்கள்தான் அம்மாவை என்னைவிட அறிந்தவர். என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். தயவு செய்து அம்மாவுக்கு இப்போது சொல்ல வேண்டாம். உங்களுக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் பதிலுக்காகத் தபால் பெட்டியைத் தினமும் பார்க்கப்போகும்,
உங்கள் செல்லப் பெறாமகள்,
ராகவி


கிரெய்கிபர்ன்
27 ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை

சித்திக்கு,

கடிதம் கிடைத்தது. ஏழு சிவப்பு வட்டங்கள். கீழே, "மிக நன்று. வர்ணனை சிறப்பு. அம்மாவைப் பற்றி யோசிக்காமல் படிப்பைப் பார்" என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டிகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தப் பகுதியில் இரண்டு பிழைகளைத் திருத்தியிருக்கிறீர்கள். ஆகவே வாசித்திருக்கிறீர்கள்.

உங்கள் கடிதம் வருவதற்கு முதல்நாளே பிறீசர் வெறுமையாகிவிட்டது. பட்டாணியும் ரொட்டியும் மட்டும் கிடந்தன. அம்மா ஒன்றையும் கொட்டவில்லை. இரண்டு பெரிய பையில் போட்டு அப்பாவிடம் கொடுத்து, "கூடச் சமைச்சுப் போட்டன், வேலையிடத்திலை குடுங்கோ" என்று அனுப்பியிருக்கிறார். மறுநாள் அப்பா, "இவளின்ரை மீன்குழம்புக்கு அங்கை அடிபிடி. அந்த வியட்நாம்காரன் பெட்டியையும் நக்கிப்போட்டான்" என்று பெருமையாகச் சொன்னார். அம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

முதலில், தற்செயலாக இருக்கும் என்று நினைத்தேன். உங்களைச் சந்தேகிக்க எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. நேற்று வரைக்கும்.

நேற்றுக் கோயிலுக்குப் போகும் வழியில் அப்பா பெற்றோல் அடிக்க இறங்கினார். நான் பின்சீற்றில் வாசித்துக்கொண்டிருந்தேன். அம்மா போனில் வந்திருந்த உங்கள் குரல் செய்தியைப் போட்டார். காதுக்குக் கிட்டப் பிடித்துத்தான் கேட்கப் பார்த்தார். ஆனால் போன் காரோடு இணைந்திருந்தது. நான்கு கதவிலிருந்தும் உங்கள் குரல் வந்தது.

"அக்கா, பெட்டியளை எடுத்துப் போட்டியளே? அவள் எனக்கு வடிவா எழுதியிருக்கிறாள். அவளோடை கொஞ்சம் கவனமா இருங்கோ. நீங்கள் சமைச்சதைச் சொல்லுங்கோ, அவள் எழுதட்டும். அந்தக் கொப்பி இருக்குமட்டும் கிளினிக்கிலை ஒண்டும் கேக்க மாட்டினம். ராவுக்கு மட்டும் சாப்பிடுங்கோ, இன்னும் ரெண்டு மாதம் பொறுங்கோ. யோசிச்சுப் பாருங்கோ, வன்னியிலை ஒருநேரக் கஞ்சியோடை மாதக்கணக்காக் கிடந்தம், ஒரு வருத்தம் வந்ததே எங்களுக்கு? இஞ்சை வந்து மூண்டு நேரமும் திண்டுதான் எல்லாம் வந்தது."

அம்மா நிறுத்தப் பார்த்தார். அவருடைய விரல் நுனிகளுக்கு உணர்ச்சி குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். எங்கே தொடுகிறோம் என்று தெரியாமல் திரையைத் தடவிக்கொண்டே இருந்தார். நீங்கள் கடைசிவரை பேசி முடித்தீர்கள். பிறகு அம்மா திரும்பிப் பார்க்காமல், "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை" என்றார். அப்பா வந்து ஏறி, விலை கூடிவிட்டதென்று அரசாங்கத்தைத் திட்டினார். கோயில் வரும்வரை நான் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தி, உங்களிடம் சில கேள்விகள். நீங்கள் எனக்குக் கொப்பி அனுப்பிய நாளிலேயே இதை யோசித்தீர்களா? "செயலாளர்" என்று எழுதும்போது நான் உண்மையைத்தான் எழுதுவேன் என்று நினைத்தீர்களா, அல்லது சொன்னதை எழுதுவேன் என்றா? நான் எழுதியதால்தான் யாமினி நம்பினார். என் கையெழுத்து வடிவாக இருக்கிறது என்று நீங்களே எத்தனை தடவை பாராட்டியிருக்கிறீர்கள். அதை வைத்தே என்னைக்கொண்டு அம்மாவின் பட்டினியை மறைத்திருக்கிறீர்கள்.

இரண்டு பேர் பேசி வைத்த ஒன்று, அதை எழுதுகிறவருக்கு மட்டும் தெரியாமல் இருந்தால் அவர் சின்னப் பிள்ளை என்று அர்த்தம். நான் அப்படி இருந்திருக்கிறேன். அம்மா மேலும் கோபம்தான். ஆனால் அம்மாவுக்கு வருத்தம். உங்களுக்கு என்ன? நான் உங்களிடம் இரகசியம் என்று எழுதினேன். நீங்கள் அதில் ஒற்றுப்பிழை பார்த்துவிட்டு அம்மாவுக்குப் போன் எடுத்தீர்கள்.

மே 6 யாமினியிடம் போகிறோம். என்ன செய்யப்போகிறேன் என்று இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். அது ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

ராகவி


கிரெய்கிபர்ன்
14 மே, புதன்கிழமை

சித்திக்கு,

நீங்கள் நான்கு தடவை போன் எடுத்தீர்கள். நான் எடுக்கவில்லை. கதைத்தால் அழுதுவிடுவேன், அழுதால் நீங்கள் ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள். எழுதினால் முழுவதையும் சொல்லலாம். இதை விரைவுத் தபாலில் போடுகிறேன், வெள்ளிக்கு முன் கிடைக்க வேண்டும்.

மே 6 கொப்பியை யாமினியிடம் கொடுக்கும்போது கடைசிப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். "ராகவி, இது என்ன தேதியெல்லாம்?" என்று கேட்டார். அம்மாவின் பக்கம் பார்க்காமல், பிறீசரில் இருந்த பெட்டிகள் என்றேன். அவர் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வாசித்து முடிக்க நிறைய நேரம் எடுத்தார். பிறகு என்னிடம் ஒன்றும் கேட்காமல் அம்மாவிடம், "அக்கா, காலைல கேப்ஸ்யூல எதோட போடுறீங்க?" என்றார்.

"பிளேன்ரீயோடை."

"சாப்பாடு?"

ராவுக்கு மட்டும்தான், பட்டினி கிடந்தால் வருத்தம் மாறும் என்று நீங்கள் சொன்னதாக அம்மா ஒத்துக்கொண்டார். அந்த மருந்தைச் சாப்பாட்டோடு போட வேண்டும் சித்தி. முகம் சிவந்ததும் வயிற்று நோவும் வெறும் வயிற்றில் போட்டதால் கூடியிருக்கலாமாம். களைப்பும் படியில் இருந்ததும் நோயால் மட்டும் இல்லாமல் இருக்கலாமாம். எது பசியால் வந்தது, எது நோயால் வந்தது என்று இப்போது யாருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

யாமினி திட்டுவார் என்று நினைத்தேன். "நான் திட்ட மாட்டேன் அக்கா. ஆனா எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. இந்த நோட்ட வச்சு டீம் மீட்டிங்ல 'சாப்பாட்டுல குறையே இல்ல'ன்னு நான்தான் சொன்னேன். அதனாலதான் டாக்டர் நோய் கூடிடுச்சோன்னு யோசிச்சாரு" என்றார். அவருடைய குரல் மாறியிருந்தது. நான் நிலத்தைப் பார்த்தேன். ஏமாந்தது நான் மட்டும் இல்லை, என் மூலமாக அவரும் ஏமாந்திருக்கிறார்.

எம்.எஸ்ஸைக் குணமாக்குகிற சாப்பாடு என்று ஒன்று இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை, பட்டினியும் அதைக் குணமாக்காது என்று சொன்னார். மெலிந்து போகாமல் பார்க்கிறது, மலச்சிக்கலைப் பார்க்கிறது, களைப்பான நாளில் நின்று சமைக்காமல் என்ன சாப்பிடலாம் என்று சொல்கிறது, இதுதான் தன் வேலையாம். அதிசயம் செய்கிறது இல்லையாம். அம்மா கழிவறைக்குப் போனபோது என்னிடம், "மருந்து டாக்டர் கையில, ஊசி நர்ஸ் கையில. சாப்பாடு ஒண்ணுதான் நோயாளி கையில இருக்கு. அதனால எல்லாரும் அதைத்தான் இறுக்கிப் பிடிக்கிறாங்க. அம்மா மேல கோவப்படாத" என்றார். நான் தலையாட்டினேன். கோபப்படாமல் இருக்கிறேன் என்று சொல்லவில்லை.

பிறகு அவர் அம்மாவிடம், தங்கச்சி சொன்னால் ஏன் உடனே கேட்டுவிட்டீர்கள் என்று விசாரித்தார். எனக்கு ஒருநாளும் சொல்லாததை அம்மா அவருக்குச் சொன்னார். "அவள் அப்ப சின்னன். பதினாலு வயசு. ரெண்டு பேருக்கும் ஒரு கோப்பைக் கஞ்சிதான் கிடைக்கும். எனக்குப் பிறகு தருவினம் எண்டு சொல்லிப்போட்டு அவளுக்குக் குடுத்திடுவன். அவள் நம்பிடுவாள். உண்மையிலை அவளுக்கு ஒரு வருத்தமும் வரேல்லைத்தான். எனக்குப் பசிக்கிறதும் பழகிட்டுது தங்கச்சி."

வன்னியில் இருவரும் ஒருநேரக் கஞ்சியோடு கிடந்ததாக நீங்கள் சொன்னீர்களே சித்தி. உங்களுக்கு இது தெரியுமா? தெரியாது என்றுதான் நான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் அந்தக் கணக்கை அம்மாவிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

வீட்டுக்கு வரும்போது காரில் அம்மா ஒன்றே ஒன்று சொன்னார். "நீ என்னைக் காட்டிக்குடுத்திட்டாய் பிள்ளை." அந்தச் சொல் எங்கள் வீட்டில், சண்டைக் காலத்தில் சொந்த ஆட்களையே பிடித்துக் கொடுத்தவர்களுக்குத்தான் பயன்படும் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு எட்டு நாள். "மேசையிலை சாப்பாடு இருக்கு", "குடையைக் கொண்டு போ" என்பதைத் தவிர அவர் என்னோடு கதைப்பதில்லை. நான் நீதி செய்தேன் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் என் இரகசியத்தை அம்மாவிடம் சொன்னீர்கள். நான் அம்மாவின் இரகசியத்தை யாமினியிடம் சொன்னேன். வித்தியாசம் இருக்கிறது என்று எனக்கு நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பாவுக்கும் சொல்லிவிட்டோம். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நான் அந்தச் சாப்பாட்டை ஊருக்கெல்லாம் பங்கு வச்சுப் பெருமை அடிச்சனே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கன நேரம் குசினிக் கதிரையில் இருந்தார். இப்போது வேலைக்குப் போகமுன் அம்மாவோடு இருந்து சாப்பிடுகிறார். அவருக்காக அம்மா பாதி சாப்பிடுவார். அப்பாவின் கார் வெளிக்கிட்டதும் மீதியை மூடி வைத்துவிடுவார். அப்பா பிறகு கேட்டால், உங்கள் பெயரைச் சொல்லி, "சிவாஜினி ரெண்டு மாதம் எண்டவள். இடையிலை முறிச்சால் இவ்வளவு நாள் கிடந்ததும் வீண்" என்கிறார். யாமினி சொல்லியும் கேட்கவில்லை, டொக்டர் போனில் சொல்லியும் கேட்கவில்லை. நீங்கள் சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

டொக்டர் 27ஆம் திகதிவரை பொறுக்கச் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் ஒழுங்காகச் சாப்பிட்டு, சாப்பாட்டோடு கப்ஸ்யூல் போட்டால், இந்த மருந்து சரிவருகிறதா இல்லையா என்று நேர்மையாகப் பார்க்கலாம். இல்லையென்றால் தெரியாமலே முடிவு எடுக்க வேண்டி வரும். இன்னும் பதின்மூன்று நாள். போன கிழமை கிளினிக்கில் நிறுத்தபோது நாற்பத்தொன்பது கிலோ.

எனக்கு உங்கள்மேல் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அதுவும் பொய். அம்மா குணமாக வேண்டும் என்றுதான் நீங்கள் சொன்னீர்கள் என்பது எனக்கு விளங்குகிறது. விளங்கியதால் கோபம் குறையும் என்று புத்தகங்களில் வாசித்திருக்கிறேன். குறையவில்லை. ஆனால் இதைக் கேட்க வேறு ஆள் இல்லை.

தயவு செய்து வாருங்கள். போனில் சொல்ல வேண்டாம். போனில் "ஓம், ஓம்" என்று சொல்லி வைத்துவிடுவார். இந்தச் சனிக்கிழமை வாருங்கள். காலை விமானத்தில் வந்தால் அப்பா வந்து ஏற்றுவார், மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே நிற்கலாம். உங்களுக்கு அம்மா கணவாய்க் கறி வைப்பார். "நான் பிழையாகச் சொல்லிவிட்டேன்" என்று அவருக்கு முன்னால் உங்கள் வாயால் சொல்லுங்கள். எனக்குச் சொல்லத் தேவையில்லை, அவருக்குச் சொன்னால் போதும்.

பிறகு அவர் உங்களுக்கு நிறையப் போட்டுத் தருவார். தனக்கும் ஒரு கோப்பையில் போடுவார். "நீ சாப்பிடு, நான் இதை அடுப்பாலை இறக்கிப்போட்டு வாறன்" என்பார். பதினாலு வயதில் நீங்கள் நம்பியதில் பிழை இல்லை. அந்த வயதில்தான் நானும் இப்போது இருக்கிறேன், நானும் நம்பினேன். இந்த முறை நம்ப வேண்டாம் சித்தி. அவர் வந்து இருந்து, முதல் வாய் வைக்கும்வரை நீங்கள் கோப்பையில் கை வைக்க வேண்டாம்.

முருகன் உங்களைப் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்க்கட்டும்.

ராகவி